இடது பக்கம் இழுக்கும் கிளைடர்

மல்லசமுத்திரத்துப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டும் குழந்தைவேலுவைப் பெயர் சொல்லி விசாரித்தால் ஊருக்குள் பாதிப் பேர் முழிப்பார்கள். ஏரோப்ளேன்காரர் என்று சொன்னால் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப்போய் விடுவார்கள். தலை பாதி நரைத்து, மகளைக் கட்டிக்கொடுத்துப் பேத்தியும் பார்த்துவிட்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகக் கடலை பிடுங்கிய காட்டில் போய் நிற்கிறார். ஒரு சாண் குச்சியில் கட்டிய ரப்பரில் சின்ன மர விமானத்தை மாட்டி, உண்டிவில் மாதிரி இழுத்து விடுகிறார். விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறார். ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

அதை அவர் கிளைடர் என்பார். இன்ஜின் கிடையாது, பேட்டரி கிடையாது. ரப்பர் உதைத்த வேகத்தில் தென்னை உயரத்துக்கு ஏறும். உச்சியில் ஒரு கணம் யோசிப்பதுபோல நிற்கும். பிறகு வட்டம் போட்டபடி மெல்ல மெல்ல இறங்கும். எவ்வளவு நேரம் கழித்துத் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. இதில் பரிசும் இல்லை, பந்தயமும் இல்லை.

இந்தக் கிறுக்கு பிடித்தது டிரெய்லர் ஓட்டிய காலத்தில். காற்றாலை இறக்கைகளை ஏற்றிப்போகும் நீளமான டிரெய்லர் அது. லோடு ஏற நாள் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம், இறக்கை செய்யும் கம்பெனியின் கழிவுக் குவியலில் ஒரு மரத்துண்டை எடுத்தவர் திகைத்துப் போனார். கையில் மரம் இருக்கிறது, கனத்தைக் காணோம். பால்சா என்றார்கள் அங்கே வேலை செய்தவர்கள். அந்தத் துண்டைச் சீவி ஒரு விமானம் செய்து பார்த்தார். பொறை ரொட்டி மாதிரி பொட்டென்று முறிந்தது. கம்பெனிக்காரன் மரத்தைக் குறுக்கே அறுத்து வைத்திருக்கிறான், நமக்கு வேண்டியது நார் நீளவாட்டில் ஓடும் பலகை என்று புரியவே அவருக்கு நெடுநாள் பிடித்தது. அப்புறம் போனில் வீடியோ பார்த்து, கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் பலகை தருவித்து, ஒன்று ஒன்றாக உடைத்து உடைத்துக் கற்றுக்கொண்டார். டிரெய்லரை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேனுக்கு வந்த பிறகும் இது விடவில்லை.

பலகையைப் பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் இறக்கையின் முன் ஓரத்தை உருட்டி, பின் ஓரத்தைக் காகிதம் மாதிரி தேய்த்து, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அதன் மூக்கில் கொஞ்சம் அப்பிவிட்டால் கிளைடர் தயார். ஆனால் செய்வது கால் பங்கு வேலைதான், செட்டிங் பார்ப்பதுதான் முக்கால் பங்கு. மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் களிமண்ணைக் கூட்ட வேண்டும். தலைகுப்புற வந்தால் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு பக்கமாக இழுத்தால், நிமிர்ந்து நிற்கும் வாலின் ஓரத்தில் வாயால் ஊதி, மூச்சுச் சூட்டில் மரம் இளகும்போது மறுபக்கம் மயிரிழை அளவு வளைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்யலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விட வேண்டும். இடது கையில் குச்சி, வலது கை விரல்களில் கிளைடரின் வால் பக்கம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகத் திறக்க வேண்டும். விடுகிற கை மாறினால் செட்டிங் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை.

இத்தனையும் தெரிந்த மனிதருக்குத்தான் இந்தத் தீபாவளிக்குப் பிறகு ஒரு சங்கடம் வந்தது. புதுக் கிளைடர் இடது பக்கமே இழுத்தது. வாலை வலது பக்கம் வளைத்தார். சரியானது. அடுத்த ஞாயிறு மறுபடியும் இழுத்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தார். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. பனி மரத்தை முறுக்குகிறது என்றார். பலகை பழைய பலகை என்றார். கூரியர்காரன் வெயிலில் போட்டு வைத்திருந்தான் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஏரோப்ளேன்காரர் கூடத்தையே இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் வேனும் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. சக்கர அலைன்மென்ட் பார்க்கும் நந்தகுமாரிடம் அடிக்கடி போய் நின்றார்.

"ஏனுங்ணா, மிசினு பொய் சொல்லுமாங்ணா? ஒண்ணுமே மாறலீங்க. நானே ஓட்டிப் பாத்தேன், நூல் புடிச்சாப்பல நேராப் போவுது" என்றான் நந்தகுமார்.

"கியர் மாத்தறப்பத்தான் இழுக்குது. நீ கவனிச்சிருக்க மாட்ட."

"அப்ப ரோடு சாய்மானமா இருக்குமுங்ணா."

ரோடு சாய்மானம் என்ற வார்த்தை குழந்தைவேலுவுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. கியர் மாற்றும்போது இடது கை கியரில் இருக்கும், ஸ்டியரிங்கில் வலது கை ஒன்றுதான் இருக்கும் என்பது இத்தனை வருடம் வண்டி ஓட்டியவருக்குத் தெரியாததல்ல. அந்த நினைப்பு எட்டிப் பார்க்கும் போதெல்லாம் வேனில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன? ஆனால் பூனைக்குக் கொஞ்ச நேரமாவது நிம்மதி கிடைக்கிறதே.

அவருடைய அப்பனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. மண்வெட்டி பிடித்த வலது கை முதலில் மெதுவானது. சொன்ன பேச்சை யோசித்து யோசித்துக் கேட்டது. அப்புறம் நடுங்கியது. அப்புறம் அடுத்த கையும். கடைசியில் வாய்க்குச் சோறு கொண்டுபோக இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. ஊட்டிவிட்டது குழந்தைவேல்தான். ஊட்டும்போது அந்தக் கிழவர் மகன் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். அந்தப் பார்வையைக் குழந்தைவேல் மறக்கவில்லை. உலகத்தில் அவருக்குப் பயம் என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சுவர்தான்.

வேன் தினமும் போகும் வழியில், அவர் வீட்டுக்குச் சற்று முன்னால், ரோட்டை ஒட்டி இடது கைப்பக்கம் ஒரு கிணறு இருக்கிறது. சுற்றுச்சுவர் என்றைக்கோ சரிந்துவிட்டது. காவலுக்கு இரண்டு கல்தூண் மட்டும் நிற்கிறது. ரோடு அந்த இடத்தில் வலப்பக்கமாக வளைகிறது, வளைவில் கியரைக் குறைத்தே ஆக வேண்டும். கிணற்றைத் தாண்டியதும் ஒரு ஹாரன் அடிப்பது அவர் வழக்கம். வீட்டை ஒட்டிய தறிக்கூடத்தில் அவர் மனைவி கலைமணி விசைத்தறி ஓட்டுகிறாள். பிள்ளைகளை ஏற்றி இறக்க வேனில் கூடவே வரும் பாவாயி அக்கா, "தறி போடற சத்தத்துல உங்க ஆரன் கேட்டுருமாக்கும்" என்று கேலி செய்வாள். கேட்கட்டும், கேட்காமல் போகட்டும், அவர் அடிப்பார்.

போன வெள்ளிக்கிழமை காலை வேன் நிறையப் பிள்ளைகள். பின் சீட்டில் ஒரே பாட்டும் கூத்தும். வளைவு வந்தது. இடது கை கியருக்குப் போனது. வலது கை ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். திருப்பு என்று மனசு சொல்லிவிட்டது. கை கேட்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை, தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி, என்ன சொன்னாய் என்று கேட்பதுபோல அப்படியே இருந்தது. வேன் வளையாமல் நேரே போனது. இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது.

எல்.கே.ஜி. படிக்கும் கிருத்திகா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "டிரைவர் மாமா, கெணத்துக்குள்ள தண்ணி தெரியுது."

இடது கை கியரை உதறிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடித்தது. கல்தூணில் வேனின் பக்கவாட்டுத் தகடு உரசியது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பாவாயி அக்கா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல், "தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

"அலைன்மென்ட் சரியில்லீங்கக்கா. இன்னைக்கே போய்ப் பாக்கோணும்" என்றார் குழந்தைவேல். அன்று ஹாரன் அடிக்க மறந்துபோனார். வீட்டைத் தாண்டும்போது கலைமணி ரோட்டுக்கே வந்து நின்றிருந்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி, காலில் செருப்பு இல்லை. தண்ணீர் பிடிக்க வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கும் மறுநாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் தண்ணீர் தெரிந்தது. பச்சைத் தண்ணீர், மேலே மிதக்கும் புங்க இலைகளுடன். அவர் அதைப் பார்த்ததே இல்லை, பார்த்தது கிருத்திகாதான். ஆனாலும் அவருக்குத் தெரிந்தது. நந்தகுமாரிடம் போனார். அவன் இந்தத் தடவை மிசினில் ஏற்றக்கூட இல்லை. வேனின் உரசலைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், டீ சொல்லட்டுங்களா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளைடர்ப் பெட்டியை எடுத்தபோது கலைமணி, "நானும் வாரேனுங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் வந்ததில்லை. காட்டில் இன்னும் வெயில் ஏறவில்லை, காற்றும் இல்லை. கிளைடர் விட அதைவிட நல்ல நேரம் கிடையாது. குழந்தைவேல் புதுக் கிளைடரை விட்டார். நேராக ஏறி, வட்டம் போட்டு, நன்றாகவே இறங்கியது.

"பாத்தியா? இப்பத்தான் செட்டிங் சரியாச்சு" என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் முகத்தில் வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

"ஒருக்கா நான் உட்டுப் பாக்கட்டுங்களா?"

"உனக்கு எதுக்குப் புள்ள இதெல்லாம்?" என்று சொன்னாலும், பிடிக்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தார். காலமெல்லாம் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட்ட விரல்கள் அவளுக்கு. காட்டியதை அப்படியே பிடித்தாள். இழுத்தாள், விட்டாள்.

கிளைடர் வலது பக்கம் வெட்டித் திரும்பி, ஏறாமலேயே தரையில் போய்க் குத்தியது. ஒரு இறக்கை தனியே கழன்று விழுந்தது.

"கையக் கோணலா வெச்சு உட்டுட்ட" என்று சீறினார் குழந்தைவேல்.

"நீங்க காட்டுனாப்பலயேதானுங்க உட்டேன்."

அவர் ஓடிப்போய் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கியவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். வால் கண்ணில் பட்டது. எவ்வளவு வளைந்திருக்கிறது அது! ஞாயிறுதோறும் ஒரு மயிரிழை, ஒரு மயிரிழை என்று ஊதி ஊதி வளைத்தது, இப்போது வாழை இலை ஓரம் மாதிரி மடங்கியிருந்தது. இப்படி ஒரு வாலை வைத்துக்கொண்டு எந்தக் கிளைடரும் நேராகப் போகாது. யார் விட்டாலும் போகாது. அவர் விட்டால் மட்டும் போகிறது.

பெட்டியின் அடியில் செய்தித்தாளில் சுற்றிய இன்னொரு கிளைடர் இருந்தது. போன வருடம் செய்தது. செட்டிங் கச்சிதமாக அமைந்துவிட்டதால் இதை இனித் தொடக்கூடாது என்று எடுத்து வைத்தது. அதைப் பிரித்தார். தானே விடலாம் என்று ரப்பரில் மாட்டியவர், மாட்டியதைக் கழற்றிக் கலைமணியிடம் நீட்டினார்.

அவள் விட்டாள். கிளைடர் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு இடப்பக்கம் வட்டம் போட ஆரம்பித்தது. காட்டின் மேல், வேலியோரத்துக் கிளுவை மரங்களின் மேல், அவர்கள் இருவர் தலைக்கு மேல், அவசரமே இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அது அத்தனை அழகாகப் பறந்து அவர் பார்த்து ஒரு வருடம் இருக்கும். சீக்கிரம் கீழே விழுந்து தொலையக்கூடாதா என்று முதல்முறையாக ஒரு கிளைடரைப் பார்த்து நினைத்தார். அது விழவில்லை, மெதுவாக இறங்கிக் கடலைச் செத்தையின்மேல் உட்கார்ந்தது.

கலைமணி போய் எடுத்து வந்தாள். "இப்ப நீங்க உடுங்க."

"வேண்டாம் புள்ள."

"உடுங்க."

இழுத்தார். விடும்போது இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் திறந்தது. கட்டைவிரல் அப்புறம் திறந்தது. நடுவில் இருந்தது கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். கிளைடர் இடது பக்கம் புரண்டு, அவர் காலடியிலேயே குத்தி நின்றது.

இருவரும் அங்கேயே வரப்பில் உட்கார்ந்தார்கள். பிறகு கலைமணிதான் ஆரம்பித்தாள்.

"உங்க சட்டையில பொத்தான எல்லாம் எடுத்துப்போட்டு அமுக்குற பட்டன் வெச்சேன். எதுக்குன்னு கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டம்ளரில் பாதிதான் டீ ஊற்றுகிறாள். சோற்றைப் பிசைந்தே தட்டில் போடுகிறாள். செருப்பை நேராகத் திருப்பி வைக்கிறாள். அவர் வாலை வளைத்த மாதிரி அவள் வீட்டையே மயிரிழை மயிரிழையாக அவர் கைக்கு வளைத்து வைத்திருக்கிறாள்.

"தெனமும் அந்த நேரத்துக்குத் தறிய நிறுத்திப்போட்டு ஆரனுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பேன். வெள்ளிக்கெழம ஆரன் வரல" என்றாள். "எப்படி ஓடியாந்தேன்னு எனக்கே தெரியல."

"தெரிஞ்சும் ஏம்புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லிப்போட்டா நெசமாயிருமோன்னு பயமா இருந்துச்சுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. அவரும் அதே பயத்தில்தானே பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்? வெள்ளிக்கிழமை நடந்ததையும், கிருத்திகா கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னதையும் அவளிடம் சொன்னார். சேலத்தில் நரம்பு டாக்டரைப் பார்க்கலாம் என்றாள் அவள். பார்க்கலாம் என்றார். கொஞ்சம் பொறுத்து, அரைப் பரீட்சை நடக்கிறது, இந்த ஒரு வாரம் மட்டும் ஓட்டிவிடுகிறேன் என்றார். கிணற்று வளைவில் ஆமை மாதிரிப் போகிறேன் என்றார். முன்னாலேயே கியரைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். சொல்லும்போதே குரல் கெஞ்சியது. வேனை விட்டால் நேராக அந்தச் சுவருக்கு முன்னால் போய் உட்கார வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

கலைமணி காலடியில் குத்தி நின்ற கிளைடரைப் பிடுங்கி, மூக்கில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்து, அவர் மடியில் வைத்தாள்.

"இதுல கிருத்திகாவ ஏத்தி உடுவீங்களா?"

அன்று சாயங்காலமே பள்ளிக்கூட மேனேஜருக்குப் போன் போட்டார். மாற்று டிரைவர் கந்தவேல் வந்து சாவியை வாங்கிக்கொண்டான். குழந்தைவேல் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். பிரேக்கை இரண்டு தடவையாக மிதிக்க வேண்டும், பின் கதவு கொக்கியைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும், கிருத்திகாவுக்கு வாந்தி வரும், ஜன்னலோரம்தான் உட்கார வைக்க வேண்டும். கிணற்று வளைவைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார். "செரிங்ணா, செரிங்ணா" என்று அவனும் தலையாட்டினான். ஹாரனைப் பற்றிச் சொல்ல மட்டும் விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை, சேலம் போவதற்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அந்த நேரம் வந்ததும் உள்ளே தறி நின்றது. கலைமணி வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். தூரத்தில் வேன் சத்தம் கேட்டது. அவர் ஓட்டிய வேன், அவருக்கு அதன் சத்தம் அத்துப்படி. வளைவை நெருங்கி இன்ஜின் இறங்கியது. கியர் மாறுகிறது. பிறகு சத்தமே இல்லை.

அந்த இடத்தில் இவ்வளவு நேரம் சத்தம் இருக்காது என்று வேனுக்குள் இருந்தவரை அவருக்குத் தெரிந்ததில்லை. ஹாரன் வரவில்லை. புங்க இலை மிதக்கும் தண்ணீர் கண்முன் வந்தது. இப்படித்தான் இவள் தினம் தினம் நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது, அவளைத் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

வேன் வந்துவிட்டது. கந்தவேல் முன்னாலேயே பார்த்தபடி ஒழுங்காக ஓட்டிக்கொண்டு போனான். ஜன்னலோரம் கிருத்திகா. வாசலில் அவரைப் பார்த்ததும் "டிரைவர் மாமா" என்று கத்திக் கையை ஆட்டினாள்.

குழந்தைவேலுவும் வலது கையைத் தூக்கினார். அது யோசித்து, புறப்பட்டு, தோள் உயரத்துக்கு வந்து சேர்ந்தபோது வேன் கண்ணுக்கு மறைந்துவிட்டது. தூக்கிய கையை இறக்க மனமில்லாமல், வெறும் ரோட்டைப் பார்த்து ஆட்டினார்.